டம்ளருக்குள் நாலு சீட்டு

அகல்யாவுக்கு அந்த ஆபீஸ் என்றால் உயிர். மருந்துக்கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் செய்கிற கம்பெனி, காரைக்குடியில் ஒரு மாடி அறை, மொத்தமே நாலு பேர். மதுரையில் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிவிட்டதைப் பார்த்து நொந்துபோய் வந்தவள். இங்கே எல்லா வேலையும் எல்லோருக்கும் பங்கு என்பதே பெரிய நிம்மதி.

யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்றுதான், சப்போர்ட் போன். பில் வராத கடைக்காரர்களிடம் வாரம் முழுக்க, ஞாயிறு உட்பட, வசவு வாங்க வேண்டும். அதற்குத் திங்கள்தோறும் சீட்டுக் குலுக்குவார்கள். நாகவல்லி நாலு பெயரையும் எழுதி மடித்து எவர்சில்வர் டம்ளரில் போடுவாள். விக்கி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பான். ஐந்து வாரமாக அகல்யா பெயர்தான். "உனக்குச் சுக்கிர திசை அடிக்குதுடி" என்று நாகவல்லி கிண்டல் செய்வாள். அகல்யாவும் சேர்ந்து சிரிப்பாள், பாவம்.

ஆறாவது திங்களும் அவள் பெயரே வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர் நெற்குப்பையில் தங்கை மஹாலட்சுமிக்குப் பரிசம் போட்டு நிச்சயம் செய்கிறார்கள். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள் போனும் கையுமாக நின்றால் நன்றாகவா இருக்கும்? அடுத்த பெயர் யாருடையதோ, அவரிடம் வாரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று டம்ளருக்குள் கைவிட்டாள்.

இரண்டாவது சீட்டிலும் அகல்யா. மூன்றாவதிலும். நான்காவதைப் பிரிக்காமலே டம்ளரில் திருப்பிப் போட்டாள்.

"அக்கா, நீங்கதான எழுதினீக?"

நாகவல்லி நிமிரவில்லை. "நாங்க மூணு பேரும் புள்ளகுட்டிக்காரங்க. நீ தனி ஆளு, உனக்கென்ன சோலி இருக்கப்போகுதுன்னு..."

விக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீம் லீடர் கதிரவன் தொண்டையைச் செருமினார். "மனசுல வச்சுக்காத அகல்யா. இந்த வாரம் நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா."

ஆக, மூவருக்கும் தெரியும். ஐந்து திங்களும் அவளைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

"புள்ளகுட்டிய வச்சுக்கிட்டு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தீகன்னா நானே அந்தப் போனை வாங்கி வச்சிருப்பேனேண்ணே. எதுக்கு இந்தக் குலுக்கல்?"

கதிரவன் போனை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கிடைத்துவிட்டது. மூன்று பேரையும் குடும்பத்தோடு பரிசத்துக்கு வரச்சொல்ல வேண்டும் என்று காலையில் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். சொல்லவில்லை.