தசமம் நீக்கிய பட்டியல்

மௌலா அலி குன்றுக்கு அப்பால் இருந்த அந்த அரசு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் கணிப்பொறியைத் தொடத் துணிந்தவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். ஆகவே, 1988-இல் கண்காணிப்பாளர் பதவிக்கான மதிப்பெண் பட்டியலும் அவளிடமே வந்தது. அவளும் அப்பதவிக்கு விண்ணப்பித்தவள் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பட்டியலில் பெயர்கள் இல்லை. பணியாளர் எண்களே இருந்தன. தன் எண்ணை அறியாத ஊழியர் எங்கேனும் உண்டோ?

நெடுங்காலம் எழுத்தராகவே இருந்துவிட்டாள். பதவி கிடைத்தால் ஊழியர் காலனியில் வீடு கிடைக்கும். ஓரறைக் குடித்தனத்தில் மாமியாரின் கட்டிலுக்கடியில் பிள்ளைகள் படுக்க வேண்டியிராது.

தேர்வு, நேர்காணல், ஆண்டறிக்கை என மூன்று மதிப்பெண்கள். மூன்றும் தசமத்தோடு வந்தவை. மேலாளர் நாராயணஸ்வாமியின் உத்தரவுப்படி அவள் முழு எண்களாக மட்டும் தெரியுமாறு அச்சிட்டுக் கொடுத்தாள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, முப்பத்தொண்ணு, இருபத்திரண்டு, பதினெட்டு. கூட்டினா எழுபத்தொண்ணு. உன் பொட்டி எழுபத்திரண்டுங்கறது! அடுத்த ஆளுக்கு ஒண்ணு குறைச்சுக் காட்டறது. இதுக்கு ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரை வெச்சுப் பாடம் எடுக்கணுமோ?"

"பொட்டி சரியாத்தான் கூட்டுது சார். மூணுலயும் தசமம் நாலு நாலு இருக்கு, அதை நாமதான் மறைச்சிருக்கோம். ஒரு தசமம் காட்டிட்டா எல்லாம் பொருந்திடும்."

"நக்கோ, வேண்டவே வேண்டாம்! தசமத்தைக் காட்டினா ஆளாளுக்குக் கோர்ட்டுக்குப் போவான். முதல்ல ஒவ்வொண்ணையும் முழுசாக்கு, அப்புறம் கூட்டு."

"அப்படிச் செஞ்சா முதலிடம் மாறிடும் சார். எழுபத்திரண்டு எழுபத்தொண்ணாகும், எழுபத்தொண்ணு எழுபத்திரண்டாகும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கீழே போறது யாரு?"

"இருபத்துநாலு பதினேழு."

"நம்பரைச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? ஆள் யாரும்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"நான்தான் சார்."

நாராயணஸ்வாமி சிரித்தார். அச்சிரிப்பில் பகை இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

"அப்போ இதுல நீ வாயே திறக்கப்படாது. ரகசியப் பட்டியலை டைப் அடிச்சுண்டே தனக்கு நியாயம் கேட்டாள்னு எவனாவது எழுதிப் போட்டா, உனக்கும் மெமோ, எனக்கும் மெமோ. சமர்த்தா சரி பண்ணிக் கொடு."

வேறு எவர் எண்ணாக இருந்திருந்தாலும் அவள் வாதாடியிருப்பாள், அவரும் கேட்டிருக்கக்கூடும். ஒவ்வொரு கட்டமாகத் தசமத்தை நீக்கினாள். அச்சுப்பொறி கிறீச்சிட்டுக்கொண்டு புதிய தாளைத் தள்ளிற்று. நாராயணஸ்வாமி வாய்விட்டுக் கூட்டிப் பார்த்தார். எங்கும் ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

"பார்த்தியா, இப்ப எப்படி வந்துடுத்து!" என்று முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

சக எழுத்தர் குணசேகரனுக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. நல்ல மனிதன், கராச்சி பிஸ்கட் டப்பாவோடு முதலில் அவளிடந்தான் வந்தான்.

"ஒரே மார்க்ல தப்பிச்சேன்னு சொல்றாங்க மங்கை அக்கா. ரெண்டாவது யாருன்னுதான் தெரியல. பாவம், அந்த ஆளு."

"பாவந்தான்" என்று சொல்லி, அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கும் ரெண்டு எடுத்துக்குங்க, குழந்தைங்களுக்கு."

எடுத்துக்கொண்டாள்.