அறுந்த மீசை

"தலை இவ்வளவு அகலம், பெரியம்மா," என்று தாகில் என்னிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "ரொட்டி தட்டுற பலகை மாதிரி தட்டைத் தலை. ரெண்டு பக்கமும் நீள மீசை. இடது மீசை பாதியோட அறுந்து கிடக்கு."

"மீசைக்கு எண்ணெய் தடவியிருந்துச்சா?" என்றாள் வஃபீகா. பிறகு என்னிடம், "கேளுங்க உம்மு ஸுஹைர். என் கெண்டைக் குஞ்செல்லாம் எங்கேடான்னு கேட்டா, இவன் எனக்கு மாப்பிள்ளை காட்டுறான்."

வஃபீகா என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போன பிறகு, பேரீச்சைத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் கெண்டை வளர்த்து ஹில்லா நகரச் சந்தைக்கு அனுப்பித்தான் பிழைக்கிறாள். தாகில் குளத்துக் காவல்காரன். ஒன்பது வருஷமாகக் கரையிலேயே குடிசை. இந்தக் கோடையில் குஞ்சுகள் பாதிக்குப் பாதி காணோம்.

"செதில் இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன். எந்த மீனாக இருந்தாலும் எங்களுக்கு முதல் கேள்வி அதுதான். செதில் இல்லாதது எங்கள் ஷியா வழக்கத்தில் விலக்கு, சட்டிக்கு ஆகாது.

"இல்லை பெரியம்மா. வழவழன்னு இருந்துச்சு."

"பார்த்தது இவன் ஒருத்தன்தான். நானும் கரையில போய் உட்கார்ந்து பார்த்துட்டேன், தவளையைத் தவிர ஒண்ணும் காணோம். குஞ்சை வித்துட்டுக் கதை விடுறான்," என்றாள் வஃபீகா.

தாகில் என் பக்கம் திரும்பினான். "நீங்களாவது நம்புறீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணே மங்கிப்போச்சு," என்றேன்.

அந்த மீசையை எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், என் மகன் ஸுஹைரோடு வேலை பார்க்கும், எங்கள் நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரன் ஒருவன் தகர வாளியில் உயிரோடு ஒரு மீனைக் கொண்டுவந்தான். "எங்க ஊர்ல விருந்தாளிக்குத்தாம்மா இதை வறுப்போம்." ஜிர்ரி, செதில் இல்லாத கெளுத்தி! அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? "உன் கை நல்லா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தேன். தின்ன முடியாது. தின்னாத உயிரைக் கொன்று குப்பையில் போடவும் மனசு வரவில்லை. ஆறு வரை நடக்க இடுப்பு விடாது. அது துள்ளத் துள்ள மூடியை அழுத்தினேன். இடது மீசை அறுந்து மூடியில் ஒட்டிக்கொண்டது. ஊர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது வஃபீகாவின் குளத்தில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அப்போது முழங்கை நீளம்தான் இருந்தது.

நம்புறீங்களா என்று என்னைக் கேட்ட மூன்றாம் நாள், தாகில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு என் வாசல் வழியாகப் போனான். டீக் கெண்டி மூட்டையில் தொங்கி ஆடியது.

"எங்கே கிளம்பிட்டே?"

"திருடனுக்குக் காவல் வேலை எதுக்குன்னு கேட்டாங்க பெரியம்மா. சரிதானே?"

அவன் கையைப் பிடித்து வஃபீகா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வஃபீகா, அது ஜிர்ரி."

"நீங்களும் பார்த்தீங்களா?"

"பார்க்கல. கொண்டுவந்து விட்டதே நான்தான். அந்த மீசை என் வாளி மூடியில அறுந்தது."

கையிலிருந்த டீயை அவள் அப்படியே கீழே வைத்தாள். "ஜிர்ரியா? என் குளத்துலயா? மூணு வருஷமா நம்ம வீட்டுக் குஞ்சைத் தின்னு வளர்ந்திருக்கு. நீங்களும் தினம் வந்து என் டீயைக் குடிச்சிட்டுப் போயிருக்கீங்க."

"ஆமா."

"ஆமான்னா?"

அவள் தாகிலிடம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "மூட்டையைக் கீழே வைப்பா. மோட்டாரைப் போடு. குளத்தை இறைச்சு அதைப் பிடிப்போம்."

அவன் வைக்கவில்லை. என்னைத்தான் கேட்டான்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?"

"தெரியும்."

"நான் உங்களைத்தானே கேட்டேன்."

மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு மோட்டார் போடப் போனான். கெண்டி என் முழங்காலில் இடித்தது. பிடித்துக்கொண்டே நின்றேன். கீழே வையுங்கள் என்று வஃபீகா எனக்குச் சொல்லவில்லை.