மௌன விடுதிக்கு ஒரு நேர்த்திக்கடன்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. விளம்பரம் எழுதத்தான் உட்கார்ந்தேன். வட தாய்லாந்தின் லாம்பாங்கில், வாங் ஆற்றங்கரையில், பழைய தேக்கு வீடொன்றை ஆறு அறை விடுதியாக மாற்றியிருந்த ரவிவன், "நம்ம விடுதியோட மௌனத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே" என்றாள். மௌனத்தைப் பற்றி இரண்டு பக்கம்! ஒரு பக்கமே அதற்கு அவமரியாதை இல்லையா? சாப்பாடு இலவசம் என்றதும் அந்தத் தத்துவச் சிக்கல் தீர்ந்தது.

முதல் தொடக்கம்: "காலைப் பனி தேக்குத் தூண்களைத் தழுவ, காலம் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு"

அடித்துவிட்டேன். காலத்துக்குச் செருப்பு மாட்டிவிடும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "கம்பேங் பெரியம்மா மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள்."

இது நிஜம். விடுதிச் சமையல்காரி கம்பேங் பெரியம்மா இடித்தால் அக்கரை நாய் எழுந்து உட்காரும். மௌனம் கெடாமல் இருக்க உரலுக்கு அடியில் ரவிவன் மெத்தை போட்டிருந்தாள். அந்த மெத்தையைப் பார்த்த கணம் விளம்பரம் செத்து, இது பிறந்தது.

2

ரவிவன் பாங்காக்கில் இருபது வருடம் விளம்பரக் கம்பெனியில் இருந்தவள். விற்கத் தெரிந்தவள், விற்காமல் இருக்கத் தெரியாதவள். (இந்த வாக்கியம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பிடித்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டும்.) அவள் விடுதியில் வரவேற்பு மணி கிடையாது. வந்தவர் சும்மா நிற்க வேண்டும். அவர் நிற்பதை உள்ளே யாராவது உணர வேண்டும். மழைக்காலம் முழுக்க உணர வேண்டிய வேலையே வரவில்லை. ஆறு அறையும் காலி.

ஒரு காலை அவள் முற்றத்துக்குப் போனாள். அங்கே கம்பத்தின் மேல் சின்ன வீடு. அதில் குடியிருப்பவர் மனையைக் காக்கும் தெய்வம், காவலர்.

[காவலருக்குத் தினமும் சிவப்புச் சோடா வைப்பார்கள், உறிஞ்சுகுழலோடு. ஏன் சிவப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருடமாக நானே யாரையும் கேட்கவில்லை.]

"பெரியம்மா, இவருக்கு என்ன பிடிக்கும்?"

"சோ பாட்டுன்னா உசுரு. ஆம்பளையும் பொம்பளையும் பாட்டுலயே ஒருத்தரை ஒருத்தர் வாரணும். குழல் அலறணும். பட்டாசு வெடிக்கணும்."

"மாலை போதாதா?"

"உனக்கு அறை வாடகைக்குப் பதிலா மாலை போட்டா வாங்கிப்பியா?"

ரவிவன் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். "ஆறு அறையும் நிறையட்டும். நிறைஞ்ச அந்த வாரத்துக்குள்ளயே சோ பாட்டு வைக்கிறேன்."

பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி! வைக்கிறேன்னு சொன்னாப் போதாதா? எப்போன்னு எவளாவது சொல்லுவாளா?"

இந்த ஊரில் தெருவுக்குப் பத்து நேர்த்திக்கடன் நிலுவையில் இருக்கும். எதற்கும் நாள் குறித்திருக்க மாட்டார்கள். அதனால் யாரும் வாக்குத் தவறியதும் கிடையாது. விளம்பரக்காரியின் வாய்க்கு 'உடனடி' என்று சேர்க்காமல் பேச வராது.

3

அறைகள் நிறைந்தன. ஒரே ஆளால்.

ஆச்சான் தனேத் ஆறு அறையையும் ஒரு வார மௌனப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். (நம் ஆச்சாரியார்தான் கப்பலேறிப் போய் இங்கே ஆச்சான் ஆகிவிட்டார், கூடப் பேச்சும் போயிருக்கிறது.) வெள்ளுடைச் சீடர்கள் வாயே திறக்கவில்லை. ஆச்சான் மூடவே இல்லை. காலைக் கஞ்சியின் மௌனம், கஞ்சிக்குப் பிந்திய மௌனம் என்று வகைவகையாக விளக்கினார்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. கிண்டலுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கிறார். கொஞ்சம் மனிதத்தன்மை சேர்க்கலாமென்று ஒரு முழங்கால் வலியும், பிரிந்துபோன மனைவியும் கொடுத்துப் பார்த்தேன். அவற்றைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார். பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் அவர் ரவிவனிடம் சொன்னதை என்னால் பிடுங்க முடியாது: "கடைசி நாள் வரைக்கும் இந்த அமைதி கலையாம இருந்தா, மாசத்துக்கு ஒரு வாரம் மொத்த விடுதியும் நமக்குத்தாம்மா."

அது நடந்தால் விடுதி பிழைக்கும். நடக்காவிட்டால் ரவிவன் மறுபடி பாங்காக்கில் பற்பசை விற்க வேண்டும்.

4

கடைசி நாள் வந்தது. வாரமும் அன்றோடு முடிகிறது.

"பாட்டைப் பதிவு பண்ணி, கேக்க வர்றவங்களுக்கெல்லாம் ஹெட்போன் குடுத்துட்டா?" என்றாள் ரவிவன். "பாட்டு வெளிய கேக்காது. காவலருக்கும் ஒண்ணு மாட்டிடலாம்."

"அவரையே கேளு."

பெரியம்மா ஒரு சிட்டிகை அரிசியை எடுத்து, கம்பத்தடியில் ஜோடி ஜோடியாகப் பிரித்தாள். ஜோடி சேர்ந்தால் சம்மதம். ஒரு அரிசி தனியாக நின்றது. ரவிவன் மறுபடி பிரிக்கச் சொன்னாள். மறுபடியும் ஒன்று நின்றது.

"இன்னொரு தடவை, பெரியம்மா."

"இதென்ன லாட்டரியா? சொன்ன வாக்கைக் காப்பாத்து. இல்ல, ஏமாத்தின வீட்ல நான் நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டேன். தோட்டக்காரனும் நிக்க மாட்டான். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

ரவிவன் இதையெல்லாம் நம்புகிறவளா? எழுதும்போது நானும் கேட்டேன். "பகல்ல நம்ப மாட்டேன்" என்றாள். ஆனால் அன்று காவலருக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சோடாப் புட்டி வைத்தாள், அதுவும் நல்ல பகலில்.

5

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆச்சான் பாட்டில் மயங்கி ஆடுகிறார். இதை எழுதிய காகிதத்தில்தான் நேற்று வறுத்த வாழைப்பழம் வைத்துத் தின்றேன்.

(ஆ) ஆச்சான் கோபித்துக்கொண்டு போகிறார், விடுதி மூடுகிறது, மழை பெய்கிறது. மழை தானாகவே வந்துவிடுகிறது, நான் கூப்பிடவில்லை.

(இ) ரவிவன் காவலரிடம் அழுகிறாள், அவர்

இல்லை. அவர் பேசமாட்டார். இந்த விடுதியில் உண்மையிலேயே மௌனமாக இருப்பவர் அவர் ஒருவர்தான்.

இப்படி நான் தடுமாறிக்கொண்டிருக்க, ரவிவன் என்னைக் கேட்காமலே எழுந்து ஆச்சானின் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆச்சான் குறுக்கே பேசவில்லை. அந்த வாரத்தில் அதுவே முதல் தடவை.

"வாரம்னு சொன்னியா?" என்றார் கடைசியில். "வாயைத் திறந்து சொன்னியா?"

"சொன்னேன்."

"அவர் முன்னாடி நின்னு?"

"ஆமாங்க."

ஆச்சானின் முகம் அவருடைய வெள்ளைச் சட்டையின் நிறத்துக்கு வந்தது. "அப்புறம் இங்க நின்னு என்ன பேச்சு? போய் பாட்டை வைம்மா! நானும் இந்தக் கூரைக்குக் கீழதானே ஒரு வாரமாத் தூங்குறேன்!"

"உங்க சீடருங்க?"

அவர் கதவை லேசாகச் சாத்திக் குரலைத் தணித்தார். "அவங்க முன்னாடி நான் எதிர்க்கணும். நான் எறங்கி வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுடு. முழங்கால் வலி, மெதுவாத்தான் வருவேன்."

(முழங்கால் வலியை நான் பிடுங்கியிருந்தேன். எப்படியோ திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

6

பெரியம்மா காலையிலேயே சொல்லிவைத்திருந்த பாட்டுக்குழு பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர, பட்டாசு வெடித்தது. சுவரேறிப் பார்த்த அக்கம்பக்கத்தாரைப் பெரியம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். குழல்கள் அலறின. பாட்டுக்காரியும் பாட்டுக்காரரும் ஒருவர் மூக்கை ஒருவர் பாட்டிலேயே அறுத்துக்கொண்டார்கள். ரவிவன் கம்பத்தடியில் கைகூப்பி நின்றாள். ஒரு கடன் தீர்ந்தது. மிச்சமிருப்பது விடுதி.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெள்ளுடைத் தலைகள் தெரிந்தன. கீழே, படிக்கட்டில், ஆச்சான். முகத்தில் தயாரித்த கோபம். ஆனால் அவருடைய வலது கால் குழலின் தாளத்தை எப்படியோ பிடித்துவிட்டிருந்தது.

பாட்டுக்காரி கண்டுகொண்டாள். தன் ஜோடியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்:

"வெள்ளை உடுத்தின மாமா, வாயைப் பூட்டின மாமா,
சாவிய எங்க வச்சே, சொல்லிட்டுப் போ மாமா!
சொல்லாட்டி நான் ஜெயிச்சேன்,
சொன்னா நீ தோத்தே!"

கூட்டம் ஊளையிட்டது. சோ பாட்டில் வாரப்பட்டவர் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சாகிறவரை ஊர் அதைச் சொல்லிக் காட்டும். மேலே சீடர்கள் குருவைப் பார்க்கிறார்கள். ரவிவனும் அவரைத்தான் பார்க்கிறாள். அவர் கத்தினால் விடுதி போயிற்று. பாடினால் அவருடைய மௌனம் போயிற்று, அதோடு மாதத்துக்கு ஒரு வாரமும் போகலாம், போகாமலும் இருக்கலாம். பேசாமல் நின்றால்... அவரால் முடியுமா?

"ஐயா!" என்று கத்தினாள் பெரியம்மா. "நிக்கிறீங்களா, பாடுறீங்களா?"

ஆச்சான் தனேத் வாயைத் திறந்தார்.

இவ்வளவுதான் என்னால் முடியும். எனக்குப் பாட்டு வராது. அவருடைய பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும், வாசகரே. நாலு வரி போதும், வசவும் இருக்கலாம். கொஞ்சம் சீக்கிரம். குழல்காரர் உங்களுக்காக அந்த ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கன்னம் சிவந்துவிட்டது.