இருபது விநாடி இருட்டு

லூக்காஸ் மூன்றாவது குச்சியில்தான் வைக்கோலைப் பற்றவைத்தான். முதல் இரண்டும் பண்டாரவளைப் பனியில் நமுத்துப்போயிருந்தன. கலாசாரக் கண்காட்சிக்காகப் பள்ளிக்கூடத் திடலில் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குப் பின்னால் குந்தியிருந்து, தப்பு மேளத்தின் தோலை நெருப்பில் காட்டுவதும் விரலால் சுண்டிக் காதருகே வைத்துப் பார்ப்பதுமாக இருந்தான். தோல் ஈரமாயிருந்தால் மேளம் ஊமையாகிவிடும், சூடேறினால்தான் பேசும் என்று அவன் தங்கை நேசராணி எனக்கு விளக்கிக்கொண்டே வைக்கோலை நீட்டினாள். பேச்சு மும்முரத்தில் பெருவிரலைச் சுட்டுக்கொண்டு அதை வாயில் வைத்தாள். நான் கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, குச்சி உரசும் அவன் கையை மிகக் கிட்டத்தில் எடுத்தேன். அப்போது எனக்கிருந்த கர்வத்தை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எண்பத்தாறாம் ஆண்டு அது. என் மூத்த சகோதரர் ஷுக்ரி நானா ஜித்தாவிலிருந்து வரும்போது அந்த வீடியோ கமராவைக் கொண்டுவந்திருந்தார். பஸாரில் எங்களுக்குப் படக் கெசட் வாடகைக்கு விடும் கடை. காமிலா டீச்சர் 'மாணவர் செய்திப் பிரிவு' ஒன்றைத் தொடங்கியபோது கமரா எங்கள் வீட்டுடையது என்பதால் செய்தியாளர் வேலையும் எனக்கே வந்தது. திறமைக்குக் கிடைத்தது என்று அன்று நம்பினேன். கேள்வி கேட்பதுதான் செய்தியாளரின் வேலை, மற்றவர்கள் கேட்கத் தயங்குவதைக் கேள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

நேசராணி என் வகுப்புக்காரி. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவளுடைய அண்ணன் லூக்காஸுக்குத் தேயிலைச் செடி வெட்டும் வேலை, அவர்கள் அதைக் கவ்வாத்து என்பார்கள். கண்காட்சி நடந்த அந்தச் சனிக்கிழமை அவன் மேளம் அடிப்பதைப் பார்க்கத் தாய் மரியகொரட்டியும் இன்னும் ஐந்து பெண்களும் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். எல்லோரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். சனி வேலைநாளாயிற்றே என்று எனக்குப் பட்டது. மேளம் உச்சத்தில் இருக்கும்போது கமராவை லூக்காஸிடமிருந்து அவன் தாய் பக்கம் திருப்பி, இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "வேல இருக்கு புள்ள. கங்காணி பேரு குடுத்துருவாரு. மகன் அடிக்கிறத பாக்காம எப்பிடி இருக்கிறது?"

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நின்று முகத்தைக் காட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். மலையில் நின்ற மற்றப் பெண்கள் தங்கள் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி இவர்கள் பேரில் போட்டிருக்கிறார்கள். கலியாணம், சாவு, கோயில் திருநாள் எதற்கும் தோட்டத்தில் இப்படி ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுண்டாம். லூக்காஸ் கவ்வாத்து மலையில் நின்றதாகவும் கங்காணி பேர் கொடுத்திருந்தார். டீச்சருக்கு அந்தத் துண்டு மிகவும் பிடித்துப்போயிற்று. கண்காட்சிப் படத்திலேயே உயிருள்ள இடம் இதுதான் என்றார்.

அதே சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்தில், ஆறாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கும் மடுவம் எரிந்து சாம்பலானது. யார் வைத்த நெருப்பென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொலிஸ் வந்து, அன்றன்று வேலைக்கு நின்றவர்களின் பேர் எழுதும் தோட்டத்துச் செக்ரோலைப் புரட்டியது. அந்த மலையில் அன்றைக்குக் கவ்வாத்துக்கு நின்ற இளைஞன் லூக்காஸ் ஒருவன்தான் என்று அதில் இருந்தது. அந்த வருஷங்களில் ஒரு தமிழ் இளைஞனை ஜீப்பில் ஏற்ற இவ்வளவு காரணம் தேவையுமில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்தவனைக் கொண்டுபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மரியகொரட்டியும் நேசராணியும் கங்காணி ஞானசீலனும் எங்கள் கடைக்கு வந்தார்கள். கங்காணி மரியகொரட்டியின் கூடப்பிறந்த அண்ணன் என்று அப்போதுதான் அறிந்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேளம் அடித்தவர்களில் யார் யாரென்று தெரியாது, பள்ளியின் பேரை இதில் இழுக்கவேண்டாம் என்று அதிபர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். இனி மிச்சம் என்னுடைய கெசட்தான்.

ஷுக்ரி நானா டெக்கில் போட்டுக் காட்டினார். லூக்காஸ் திரையில் தெரிந்ததும் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளுடைய சிரிப்பு வந்தது, என் கேள்வியும் வந்தது, பதிலும் வந்தது. இந்த இடத்தை விட்டுவிட்டுக் காட்ட முடியாதா என்று நேசராணி மெதுவாகக் கேட்டாள். முடியாது. மேளமும் பேச்சும் ஒரே ஓட்டம். லூக்காஸின் முகம் தெளிவாக விழுந்திருப்பதும் அங்கேதான். காட்டினால் கங்காணியின் வேலை போகும், ஆறு பெண்களும் தோட்டத்துத் துரைக்கு முன்னால் கள்ளிகளாக நிற்கவேண்டும். தோட்டத்தைவிட்டு வெளியேற்றினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் இல்லை.

கங்காணி தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் தங்கையைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"குடுங்கம்மா. பொய் நான் சொன்னது. அதுக்கு அவன் ஏன் அடி வாங்கணும்?"

மற்ற ஐந்து பெண்களையும் கேட்கவேண்டாமா என்றார் நானா. கேட்டுவிட்டுத்தான் வந்தோம் என்றாள் மரியகொரட்டி. அதில் ஒருத்திக்கு எட்டு மாதம். அவளும் காட்டச் சொல்லிவிட்டாளாம்.

அவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போன அந்த அரை மணித்தியாலத்தில்தான் நானும் நானாவும் அறிவாளிகள் ஆனோம். கெசட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது திரை முழுக்க லூக்காஸின் கை, தீப்பெட்டி, உரசும் குச்சி, குப்பென்று எழும் வைக்கோல் நெருப்பு.

"மடுவம் எரிச்சான்டு புடிச்சு வச்சிருக்கானுகள். இத கண்டா விடுவானுகளா?" என்றார் நானா.

எனக்கும் அது சரியாகவே பட்டது. சொல்லப்போனால் அவருக்கு முன்னால் நான்தான் நினைத்தேன். கெசட்டைக் கமராவில் போட்டு, கண்ணாடி மூடியைக் கழற்றாமலே அந்த இருபது விநாடிக்கு மேல் பதிவை ஓடவிட்டேன். நெருப்பு இருந்த இடத்தில் இருட்டு ஏறிக்கொண்டது. வந்தவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி எங்களுக்கு.

டீவியையும் டெக்கையும் கடை வேனில் ஏற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போனோம். படம் எடுத்தவர் வரவேண்டும் என்றதால் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையோடு நானும் போனேன். மரியகொரட்டியையும் நேசராணியையும் வெளியிலேயே இருத்திவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வயதானவர், தமிழ் தெரிந்தவர். நேரே மேளத்தைக் காட்டச் சொன்னார். லூக்காஸின் முகத்தை இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தார். மேளத்துக்கு அவர் விரல்கள் மேசையில் தாளம் போட்டதைக் கண்டேன். கங்காணி எழுந்து நின்று, தான் பொய்ப் பேர் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

பிறகு, எதற்கும் முதலிலிருந்து ஒரு தரம் போடு என்றார்.

கொட்டகை வந்தது. கோலம் போடும் பிள்ளைகள் வந்தார்கள். திரை இருண்டது. கமராவுக்குக் காது இருப்பதை நாங்கள் மறந்திருந்தோம். அந்த இருட்டுக்குள்ளிருந்து பஸார் கேட்டது. பதுளை பஸ்ஸின் ஹோர்ன், எங்கள் கடைக் கதவின் கிறீச், கடைசியாக ஷுக்ரி நானாவின் குரல், பக்கத்தில் நின்று சொல்வதுபோல: "போதும்."

இன்ஸ்பெக்டர் நானாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், கோபமில்லாமல்: "இந்த இடத்தில என்ன இருந்தது?"

மேளம் காய்ச்சிய நெருப்பு என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல்லுக்கு மேல் வராது. கேள்வி கேட்கப் பழகியிருந்த எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "ஒண்ணுமில்ல சேர்" என்றேன்.

அவர் கெசட்டை வெளியே எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். அழித்து எழுதிய படம், எந்த நாளில் எடுத்ததென்று யார் கண்டது என்றார். செக்ரோலில் பொய் சொன்ன ஆளின் பேச்சும் இனி எடுபடாது. மரியகொரட்டிக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை. மகனை எப்போது அனுப்புவீர்கள் என்று வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

லூக்காஸைப் பதுளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றினார்கள் என்று கேள்வி. கங்காணியின் கையொப்பம் மட்டும் ஒழுங்காகத் துரையிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் ஆறு பெண்களும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்.

மூன்று கிழமை கழித்து நேசராணி பள்ளிக்கு வந்தாள், விலகல் பத்திரம் வாங்க. கொஸ்லந்தவில் ஒரு வீட்டு வேலைக்குப் போகிறாளாம். பஸ் நிற்கும் இடம்வரை நானும் நடந்தேன். அவள் என்மீது எந்தக் குறையும் சொல்லவில்லை. பஸ் வளைவில் தெரிந்தபோது மட்டும் கேட்டாள்.

"அண்ணே மேளம் காய்ச்சினத எடுத்தியே றஷீனா, நான் வைக்கோல் புடிச்சிக்கிட்டு நின்னேனே. அத பொலிஸ்ல காட்டினீங்க தானே?"

"காட்டினோம்" என்றேன்.

"அதையும் பாத்துட்டா அப்பிடி செஞ்சாங்க?" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது.

பஸ் நின்றது. அவள் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். பெருவிரலில் அந்தச் சூடு ஆறி, ஒரு பட்டாணி அளவுக்குப் புதுத்தோல் வெளுத்துப் பளபளத்தது. பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறையும்வரை நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.