பாதத்தில் படாத எண்ணெய்

“ஏ புள்ள, சாமியாருக்கு ஆள் அனுப்பினியா?”

“அனுப்பியாச்சுய்யா. வருவாரு.”

ஹாவிஸ் அனுப்பவில்லை. புருஷன் செர்லோ காய்ச்சலில் விழுந்து மூன்று நாள். காலையிலிருந்து இதையே கேட்கிறான். சாகக்கிடக்கிறவர்களுக்கு நற்கருணை அப்பத்தோடு சாமியார் வரும்போது முன்னால் மணி அடித்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான்.

“மணி கேக்குதா?”

“தூரத்துல இருப்பாரு. நீ தூங்கு.”

எதிர் வீட்டு எட்ரிக் வாசலில் வந்து நின்றான். உள்ளே பார்த்துவிட்டு அவளை வெளியே அழைத்தான்.

“சாமி எங்க?”

“சொல்லலே.”

“சாகப்போறான், ஹாவிஸ். செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமாவது பண்ணட்டும்.”

“வந்தா வெறுங்கையோடயா வருவாரு? எண்ணெய்ச் சிமிழும் கூடவே வரும். பூசுவாரு. அப்புறம் இவரு பிழைச்சுட்டா? உன்னை மாதிரி ஆயிடுவாரு.”

எட்ரிக் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் சாகக்கிடந்தபோது புனித எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். கண், காது, மூக்கு, உதடு, கை, கடைசியில் பாதம். மறுவாரம் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அப்படிப் பூசப்பட்டவன் இந்த உலகத்திடம் விடைபெற்றவன் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் பட்ட பாதம் மண்ணில் படக்கூடாது. பெண்டாட்டியைத் தொடக்கூடாது. இறைச்சி கூடாது. எட்ரிக் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோனான். செருப்போடு தூங்கினான். அவன் பெண்டாட்டி விதவை முக்காடு போட்டுக்கொண்டாள். ஊர் அவனைப் பாதிப்பிணம் என்றது.

செர்லோவுக்கோ பிழைப்பே காலில். நெய்து வரும் கம்பளித் துணி அழுக்குப் போய் இறுக, அதைப் புளித்த மூத்திரத்திலும் வெள்ளைக் களிமண்ணிலும் போட்டு, வெறுங்காலோடு தொட்டியில் இறங்கி நாள் முழுக்க மிதிப்பான். “பிரபு சட்டைகூட என் மிதி வாங்கினதுதான்டி” என்று சிரிப்பான். கல்யாணமாகி நாலு வருஷம். அவளுக்கு அந்தக் காலும் வேண்டும், ஆளும் வேண்டும்.

“என்னை மாதிரி ஆனாலும் பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலே” என்றான் எட்ரிக். “ஆனா அவன் ஆன்மா, ஹாவிஸ்.”

உள்ளே மூச்சு மாறியது. நீளமாக ஒன்று, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் அவசரமாக இரண்டு. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் அப்பனும் அப்படித்தான் மூச்சுவிட்டுப் போனார்.

“நீ கூட இரு” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சாமியார் ஒஸ்பர்ட் கோயில் பின்புறம் அவரைக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கொம்பைக் கீழே போட்டார்.

“மூணு நாளாவா? ஏன்டி முன்னாடியே வரலே?”

சொன்னாள்.

“இந்தக் கதையை யார் கட்டிவிட்டது?”

“எட்ரிக்கைப் பாத்தாலே தெரியலியா சாமி?”

“அவன் அழுக்குப்புடிச்சவன், செருப்பைக் கழட்டாதது ஏதோ நேர்த்திக்கடன்னு நெனச்சேன்! அடி பாவி, அது சவப்பெட்டிக்கு அடிக்கிற ஆணி இல்ல, மருந்து. நோயாளி எழும்பணும்னுதான் அந்த ஜெபமே சொல்லுது. பிழைச்சா நடக்கலாம், திங்கலாம், உன்னோட படுக்கலாம். மறுபடி விழுந்தா மறுபடி பூசலாம்.”

“தொட்டியில இறங்கலாமா?”

“கழுத்தளவு இறங்கலாம்!”

“லத்தீன்ல முணுமுணுன்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க. எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் நற்கருணையையும் எண்ணெய்ச் சிமிழையும் எடுத்தார். கோயில்காரன் மணியோடு முன்னால் நடந்தான். வழியில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் முழந்தாளிட்டார்கள். அவள் எல்லாரையும் தாண்டி ஓடினாள்.

எட்ரிக் நிலைப்படியில் நின்றிருந்தான்.

“எப்போ?”

“இப்பத்தான். மணி கேக்குதான்னு கேட்டான். கேக்குதுன்னேன்.” மணிச் சத்தம் வரும் பக்கம் திரும்பினான். “அப்ப கேக்கல.”

சாமியார் செர்லோவின் மூக்கடியில் ஓர் இறகைப் பிடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. சிமிழை மூடினார்.

“பாதத்துல மட்டும், சாமி.”

“இது உசுரோட இருக்கிறவங்களுக்கும்மா. செத்த உடம்புக்கு மருந்து இல்ல.” அவர் குரல் தணிந்திருந்தது. “மனசார ஆசைப்பட்டுக் கிடைக்காமப் போனவங்களை ஆண்டவர் கைவிட மாட்டாரு. கேட்டான்ல?”

“விடிஞ்சதுலேருந்து கேட்டாரு. அனுப்பியாச்சுன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்.”

சாமியார் குனிந்து செர்லோவின் கண்களை மூடிவிட்டார்.

ஹாவிஸ் எட்ரிக் பக்கம் திரும்பினாள். “உனக்கு ஒண்ணும் ஆகலியாம்யா. பதினோரு வருஷமா உனக்கு ஒண்ணுமே ஆகலியாம்.”

எட்ரிக் சாமியாரைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினான். வெளுத்துச் சூம்பிய அந்தக் காலை மண்ணில் வைத்தான். சுருக்கென்று இழுத்துக்கொண்டான்.

“எம் பெண்டாட்டி போன குளிர்ல செத்துப் போயிட்டா” என்றான். “இப்ப யார்கிட்டப் போய் இதைச் சொல்ல?”

செருப்பை மறுபடி மாட்டினான்.

ஹாவிஸ் தண்ணீர் எடுத்துவந்து செர்லோவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நகக் கண்ணில் அப்பியிருந்த வெள்ளைக் களிமண்ணை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அது போகவில்லை.