ரவிவர்மா தீட்டிய சேலை

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் ஈப்போவில் அரிசிகூட எப்படியோ கிடைத்தது, துணி கிடைக்கவில்லை. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு சுமந்து வரும் காளியம்மா சாக்கைத்தான் உடம்பில் சுற்றியிருந்தாள். அன்று கூடையை இறக்கியதும் கண்ணம்மை ஆச்சியிடம் நேராகக் கேட்டாள்.

"மக புள்ள பெத்துருக்கா ஆச்சி. சாக்குல சுத்துனா பிஞ்சுத் தோலு உரியுதுலா. மெத்துனு ஒரு துணி இருந்தா குடுங்க."

ஆச்சியின் சேலைகள் அரிசிக்கும் உப்புக்கும் போய்விட்டன. மிச்சமிருந்த நல்ல துணி கூடத்துச் சுவரில்தான் தொங்கியது. ரவிவர்மா வரைந்த லட்சுமியின் பெரிய அச்சுப்படம். படத்துச் சாமிக்கு நிஜப் பட்டுத் துணியை வெட்டி, ஜரிகை தைத்து, மேலே ஒட்டி உடுத்துவது செட்டிநாட்டு வழக்கம்.

ஆச்சி முக்காலியில் ஏறியதும் கணவர் குமரப்பன் எழுந்து வந்தார்.

"லெச்சுமிய அவுத்து நிறுத்தப் போறியா? இருக்கறதும் போயிரும்."

"என்ன இருக்கு, போறதுக்கு?"

"இவ வேற பாத்துக்கிட்டு நிக்கிறா."

"நான் பாக்காத லெச்சுமியா?" என்றாள் காளியம்மா. "எங்க லயத்து வீட்டுலயும் இதே படம் இருக்கு, சின்னதா. பட்டு ஒட்ட எங்களுக்கு ஏது வக்கு? அதுக்காக அவ ஒண்ணும் அம்மணமா நிக்கல."

கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட சனத்தின் வீட்டுக்குள் சாமியைக் கொண்டுவந்து சேர்த்தது எந்தக் குருக்களும் அல்ல. ரவிவர்மாவின் தூரிகையும் அவர் தொடங்கிய அச்சகமும்தான். குமரப்பனுக்கு இது தெரியாததல்ல. நினைத்துப் பார்க்கும் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சி சட்டத்தைக் கழற்றி, ஈர விரலால் ஓரத்துப் பசையை ஊறவைத்து, பட்டுத் துணியை மெல்ல உரித்தாள்.

உள்ளே இன்னொரு சேலை இருந்தது. வெளிச்சமே படாத இளஞ்சிவப்பு, நேற்றுத் தீட்டியதுபோல. இடுப்பில் சரிந்து இறங்கிய மடிப்புகள் தொட்டால் கசங்கிவிடும் போலிருந்தன. துணிக்குள் ஒரு முழங்கால் லேசாக முன்வந்திருப்பதுகூடத் தெரிந்தது.

"இதையா மூடி வச்சிருந்தோம்?" குமரப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அந்த மனுசன் ஒழுங்காத்தான் உடுத்தி அனுப்பியிருக்காரு. நாமதான் நம்பல," என்றாள் ஆச்சி.

காளியம்மா பட்டுத் துணியை வாங்கித் தடவினாள். "ஜரிகை குத்தும் ஆச்சி."

"பிரிச்சுத் தாரேன், இரு."

ஜரிகையைப் பிரித்தபின் மிஞ்சிய பட்டு, குழந்தையை ஒரு சுற்றுச் சுற்றத்தான் காணும். குமரப்பன் அதைப் பார்த்தார். முக்காலியைப் பக்கத்துச் சுவருக்கு இழுத்துப் போட்டு, தானே ஏறி, அங்கே அதேபோல் பட்டு உடுத்தி மாட்டியிருந்த சரஸ்வதி படத்தை இறக்கினார்.

"மாத்துத் துணி வேணாமா புள்ளைக்கு?" என்றார்.