காளியம்மையின் உடையாத குடம்

1979 ஜூன் மாதம், காளியம்மையைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம், அவள் நடந்தே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தவள் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை வாரி உள்ளே போட்டாள். கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மட்டாஞ்சேரியில் கல்வத்திக் கால்வாயை ஒட்டின அந்தச் சந்தில் இருந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் தலைமுழுகிவிட்டு வந்திருந்தார்கள். மறுபடியும் முழுக வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அவர்களுக்கு முதலில் வந்த சந்தேகம். புருஷன் குழந்தைசாமி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். காளியம்மை இருமினாள். சாகிறதுக்கு முன்னால் இருந்த அதே இருமல். "அங்க கதவு தொறக்கலீங்க," என்றாள். "கொடம் ஒடையுற சத்தம் கேட்டாத்தான் தொறப்பாங்களாம். ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்."

எல்லாம் அந்தக் குடத்தால் வந்த வினை. 1972இல் சந்துக்கு இருந்தது ஒரே ஒரு பொதுக்குழாய். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், சண்டையும் கூடவே வரும். அந்த வருஷம் மட்டும் குழாயடியில் காளியம்மைக்கு நாலு மண்குடம் போயிற்று. நாலாவது போன அன்றைக்கு, உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை குழந்தைசாமியை என்னவோ செய்துவிட்டது. அவர் பஜார் ரோடு கூட்டுகிற கார்ப்பரேஷன் ஆள். மிளகுக் கிட்டங்கிகளிலிருந்து வெளியே எறிகிற பாலிதீன் உறை, அறுந்த ரப்பர் செருப்பு, ஓட்டை வாளி, கைப்பிடி போன மக் என்று அகப்பட்டதையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். செருப்பு உருகாது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. மற்றதைக் கால்வாயில் அலசி, கொடியில் உலர்த்தி, பழைய தார் டிரம்மில் போட்டுச் சிரட்டைத் தீயில் உருக்கி, சிமெண்ட் அச்சில் ஊற்றினார். மூன்று வருஷம் ஊற்றினதெல்லாம் விரிசல்விட்டது. டிரம்முக்குப் பக்கத்தில் நின்று கிண்டிக்கொடுத்தவள் காளியம்மை. அந்தக் கரும்புகையில் பாதி அவள் நெஞ்சுக்குள்தான் போயிற்று.

1975 ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு குடம் தேறியது. மழைமேகத்தின் நிறம். கிட்டங்கி மாடியிலிருந்து போட்டுப் பார்த்தார்கள், உடையவில்லை. அரிசி லாரி ஒன்று மேலே ஏறி இறங்கியது. நசுங்கின குடம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பழையபடி உருண்டையாக எழுந்து நின்றது. "இந்தா புள்ள, இனி ஒன் கொடத்த எமனே வந்தாலும் ஒடைக்க முடியாது கேட்டியா," என்று குழந்தைசாமி அதை அவள் இடுப்பில் வைத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் நாலு வருஷத்தில் அறுபத்தெட்டுக் குடம் வார்த்தார். கும்பளங்கியிலிருந்துகூட வள்ளம் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப்போனார்கள். குப்பை கூட்டுகிறவன் கையால் செய்த குடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொன்னவர்கள்கூட, ஆள் வைத்து வாங்கினார்கள்.

காளியம்மை நெஞ்சடைத்துச் செத்தபோது, சடங்கு செய்துவைக்கிற ராஜப்பன் மண்குடம் கொண்டுவந்தான். குழந்தைசாமி அதைத் தொடக்கூட இல்லை. பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். "மாமா, இது சரியாவாது. கொடம் ஒடைஞ்சாத்தான் ஆத்துமா போவும்," என்று ராஜப்பன் எவ்வளவோ சொன்னான். "மண்கொடம் ஒடைஞ்சுதான் அவ அழுதா. கடைசி நாள்லயும் அவளுக்கு ஒடைஞ்ச கொடமாடா? அவ கொடத்தக் குடு," என்றார் அவர். பெண்டாட்டிமேல் அவ்வளவு பிரியம். பிரியத்தில் செய்கிற தப்பை யார் தடுக்க முடியும்? சிதையைச் சுற்றிவரும்போது ராஜப்பன் பழுக்கக் காய்ச்சின ஆணியால் குடத்தில் குத்தினான். துளை விழுந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது, துளை மூடிக்கொண்டது. மூன்று சுற்றும் அப்படியே. தோள்மேலிருந்து பின்னால் போட்ட குடம் தொம்மென்று விழுந்து, இரண்டு குதி குதித்து, மதிலோரம் போய் நிமிர்ந்து நின்றது.

அவள் திரும்பி வந்த மறுநாளிலிருந்து, உடையவே கூடாது என்று மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்ததை உடைக்கிற வேலையில் குழந்தைசாமி இறங்கினார். துறைமுகத்திலிருந்து சம்மட்டி இரவல் வாங்கி அடித்தார். அடித்த வேகத்தில் சம்மட்டி திரும்பி வந்து அவருடைய முன்பல் இரண்டு போயிற்று. ரம்பத்தால் அறுத்தார், அறுக்க அறுக்கப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. வள்ளத்தில் கொண்டுபோய், காயல் கடலில் சேருகிற அழிமுகத்துக்கு வெளியே போட்டார், பதினோராம் நாள் வேலியேற்றத்தில் பொங்கின கடல்தண்ணீரோடு கால்வாய் வழியாக வந்து படியில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் தார் டிரம்மிலேயே போட்டு உருக்கினார். உருகியது. ஆனால் அந்தப் புகையில் காளியம்மை மூன்று நாள் மூச்சுக்குத் திணறினாள், செத்தவளுக்கு அதிலிருந்து தப்பிக்க வழியும் இல்லை. "உருகுனது ஒடைஞ்ச கணக்கில்ல மாமா," என்றான் ராஜப்பன். ஆறினதும் அது மறுபடி குடமாகத்தான் இருந்தது. குழந்தைசாமி டிரம்மைக் கவிழ்த்துப்போட்டுவிட்டார், அப்புறம் அதைத் தொடவே இல்லை.

எர்ணாகுளத்துக் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற லக்ஷ்மிநாராயணன் திருப்பூணித்துறையில் இருந்தார், பாலக்காட்டுக்காரர். குழந்தைசாமி பஸ் ஏறி அங்கே போய், குடத்தை வாசல்படியில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். லக்ஷ்மிநாராயணன் குடத்தைத் தட்டி, திருப்பி, முகர்ந்து பார்த்தார். "நீயேவா பண்ணினே? பேஷ்! குப்பையிலேர்ந்து இப்படி ஒண்ணு பண்ண முடியும்னு எங்க லேபிலேகூட யாரும் நெனைக்கலியே!" என்று பூரித்துப்போனார். இது எப்போது சாமி மக்கிப்போகும் என்று குழந்தைசாமி கேட்டார். "எப்படியும் நானூறு வருஷம் ஆகும்டா!" என்றார் அவர், வந்தவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்து. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் குழந்தைசாமி மட்டாஞ்சேரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

விஷயம் பரவினதும் வாங்கினவர்கள் எல்லாம் குடங்களைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அறுபத்தெட்டும் வந்து சேர்ந்தன. கூரைவரைக்கும் அடுக்கினார். வருஷங்கள் போயின. பஜார் ரோட்டில் பாலிதீன் உறைகள் பத்து மடங்கு ஆயின, கால்வாய் கறுத்துத் திட்டுத்திட்டாக அடைத்துக்கொண்டது, குழந்தைசாமி கூட்டினார், கொட்டினார், அவ்வளவுதான். ரேஷன் கார்டில் காளியம்மையின் பெயரை அடித்துவிட்டார்கள். அவளுக்குச் சோறு வேண்டியதில்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பசி இல்லை, தூக்கம் இல்லை, சாயா கொடுத்தால் சூடு மட்டும்தான் தெரியும் என்றாள். இருமல் மட்டும் நிற்கவே இல்லை. சந்துக்காரர்கள் பழகிப்போனார்கள். கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள், மற்றபடி எதிரில் வந்தால் சௌக்கியமா என்று கேட்பார்கள். இருமல் ராத்திரியில் அதிகமானால் குழந்தைசாமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "தப்புப் பண்ணிட்டேன் புள்ள," என்பார். அவளும் ஒவ்வொரு தடவையும் "இருக்கட்டும் விடுங்க," என்பாள்.

1986இல் அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் ராஜப்பனையும், கொள்ளி வைக்க வேண்டிய தம்பி மகன் செல்லனையும் கூப்பிட்டார். "எனக்கும் அந்தக் கொடத்தையே வைங்கடா. நானூறு வருஷம் அவள ஒத்தையில விட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்?" என்று அழுதார். அவர்கள் காளியம்மையைப் பார்த்தார்கள். அவள் சரியென்று தலையாட்டினாள். அந்த நிம்மதியில் மறுநாள் காலை அவர் கண்ணை மூடினார்.

உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது காளியம்மை எழுந்து சுள்ளிக்கல் பக்கம் மண்பானைக் கடைக்குப் போனாள். எல்லாரும் தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்கிற குடத்தைத்தான் எடுப்பார்கள். அவள் ஒவ்வொன்றாகத் தட்டி, கணீரென்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சத்தம் செத்த ஒன்றை எடுத்தாள். "சேச்சி, அது பொட்டினதாக்கும், வேற எடுக்கூ," என்றான் கடைக்காரன். "விரிசல்விட்டதுன்னு தெரியும். எனக்கு இதுதான் வேணும்," என்றாள். அதைப் பார்த்ததும் ராஜப்பன் தயங்கினான். "மாமன் கேட்டது இதில்லயே அத்தே."

"அவரு கேப்பாரு. அவருக்கு என்ன தெரியும்? இருந்து பாத்தவ நானு. இத வையி."

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை, செத்தவளுக்கு அந்த வழக்கம் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாததால் விட்டுவிட்டார்கள். அவள் வாசலில் நின்றாள். செல்லன் போட்ட குடம் முதல் வீச்சிலேயே சுக்குநூறாகச் சிதறியது. அந்தச் சத்தம் கேட்டதும் காளியம்மை கண்ணை மூடி, "போயிட்டாரு," என்றாள். குடம் உடைத்தபிறகு யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போகிற ஆத்மா பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். செல்லனும் ராஜப்பனும் தலையைக் குனிந்துகொண்டு நேராக நடந்தார்கள். காளியம்மையும் கரிப்பாலம் வரைக்கும் அப்படியே நடந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். நாலு அடி நடந்து மறுபடியும் பார்த்தாள். சந்து முனையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போய் விளக்கேற்றினாள்.